தெருவுக்கு முதுகு காட்டிய வீடுகள்

ஏழுமடையில் பஸ்ஸை விட்டு இறங்குகிற வெளியூர்க்காரர் யாராக இருந்தாலும் சரி, மருந்துக் கம்பெனிக்காரரோ, மாடு பார்க்க வந்த தரகரோ, ஓட்டுக் கேட்டுக் கும்பிடு போட வந்த வேட்பாளரோ, முதல் பத்தடி தைரியமாகத்தான் நடப்பார், பதினோராவது அடியில் கால் தானாகத் தயங்கும், பிடரியில் ஒரு குளிர் ஏறும், நம்மை இங்கே யாருக்கும் பிடிக்கவில்லையோ என்று, இன்னும் ஒருத்தரிடமும் ஒரு வார்த்தை பேசாத மனிதருக்குத் தோன்றிவிடும். பேய் கீய் என்று நினைத்துவிடாதீர்கள். பேயாக இருந்தால் இத்தனை நாளில் பழகிப் போயிருக்கும். விஷயம் வேறொன்றுமில்லை, அந்தத் தெருவில் அறுபத்திரண்டு வீடுகள், அறுபத்திரண்டில் ஒன்றுக்குக்கூடத் தெருப் பக்கம் வாசல் கிடையாது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் இரண்டு பக்கமும் வெறும் பின்சுவர், பாசி பிடித்த குழாய், குளியலறை ஜன்னலில் சோப்பு டப்பா, சாக்கடைப் பொந்து, காலொடிந்த நாற்காலி. சுவருக்கு அந்தப் பக்கம் கிரைண்டர் ஓடும், தாளிக்கிற வாசம் வரும், யாரோ யாரையோ வைவார்கள், சிரிப்பார்கள், மூக்கைச் சிந்துவார்கள், ஒரு முகம் தெரியாது. வந்தவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, வந்த வேலையே ஞாபகமில்லாத மாதிரி, அடுத்த பஸ்ஸுக்குத் திரும்பிவிடுவார்.

அப்படித் திரும்புகிற செருப்புச் சத்தத்தை ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தவள் வேலுத்தாய். தெருவின் நடுவில் மாவு மில் வைத்திருக்கிறவள், ஐம்பத்தாறு வயது, புருஷன் போய்ச் சேர்ந்து பதினைந்து வருஷம், ஒரே மகள் கோமதியை ராஜபாளையத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறாள். மில் வீட்டோடு ஒட்டியது, ஆகவே மில்லும் முதுகைக் காட்டித்தான் நின்றது. மெஷினை நிறுத்தினால் தெருச் சத்தம் அவளுக்குத் தெளிவாகக் கேட்கும். ஒவ்வொரு செருப்பும் தயங்கித் திரும்புகிறபோது உடனே எழுந்து, அரைக்க ஒரு பிடி அரிசி இல்லாவிட்டாலும் மெஷினை ஓடவிடுவாள்.

வீடுகள் திரும்பியது ஒன்பது வருஷத்துக்கு முன்னால், ஓர் ஆடி வெள்ளிக்கிழமை. விடிகாலையில் கோலப்பொடியும் வாளியுமாகக் கதவைத் திறந்த பொம்பளைகள், தெரு இருக்க வேண்டிய இடத்தில் கிணற்றையும் முருங்கை மரத்தையும் கோழிக்கூண்டையும் பார்த்தார்கள். கிழக்கே தலை வைத்துப் படுத்த ஆம்பளைகள் மேற்கே தலையோடு எழுந்தார்கள். அலமாரி விளிம்பில் வைத்த டம்ளரில் ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை, கரண்டுக் கம்பிகள் தேவைக்குத் தக்கபடி நீண்டுகொடுத்திருந்தன, தொட்டிலில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தன. முதல் நாள் அழுதார்கள், இரண்டாம் நாள் கூட்டம் போட்டார்கள், மூன்றாம் நாள் இட்லிக்கு அரைத்தாக வேண்டுமே, அரைத்தார்கள். தெருப் பக்கம் புது வாசல் வைக்கலாம் என்று எஸ்தர் டீச்சர் கொத்தனாரை விட்டுச் சுவரை இடித்துப் பார்த்தாள், மறுநாள் காலை அந்தச் சுவர் புண் ஆறின மாதிரி மூடியிருந்தது. மிலிட்டரியிலிருந்து வந்த ஒருத்தர், எனக்கென்ன வந்தது என்று தெருவைப் பார்த்துப் புது வீடே கட்டினார், பால் காய்ச்சிய மூன்றாம் நாள், விருந்து தின்ற களைப்பில் அவர் குறட்டை விட்டுக்கொண்டிருக்கையிலேயே அதுவும் திரும்பிக்கொண்டது.

அப்புறம் என்ன, பழகிக்கொண்டார்கள். மனுசன் எதற்குத்தான் பழகவில்லை? தபால்காரர் குளியலறை ஜன்னலைத் தட்டிப் பெயரைச் சொல்லுவார், உள்ளே சோப்புப் போட்டுக்கொண்டிருக்கிறவர், "வச்சிட்டுப் போங்க" என்பார். கோலத்தைப் பின்சந்தில் போட்டார்கள், கோழிகள் கொத்திக் கலைத்தன. பங்குனியில் அம்மன் சப்பரம் தெருவோடு போக வேண்டும், அத்தனை குளியலறைக்கு முன்னால் அவளை எப்படிக் கொண்டுபோவது என்று பின்சந்துக்குள் திருப்பினார்கள், கொடியில் தொங்கிய யாரோ ஒருத்தரின் லுங்கி அம்மன் கிரீடத்தில் மாட்டி நாலு வீடு வரைக்கும் கூடவே போனது, அதிலிருந்து சப்பரத்தன்றைக்கு ஊரில் யாரும் துணி காயப்போடுவதில்லை. வீட்டு வரிக்கு அளக்க வந்தவர், வாசல் எந்தத் திசை என்கிற இடத்தில் பேனாவை வைத்து ரொம்ப நேரம் யோசித்தார், காப்பி குடிக்காமலே போய்விட்டார். அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. சங்கரன்கோவிலுக்குக் கூட்டிப்போன ஒரு பிள்ளை, தெருவைப் பார்த்த வாசல்களைக் கண்டு கையால் முகத்தை மூடிக்கொண்டு, "அம்மா, எல்லாரும் கதவைத் தொறந்து போட்டிருக்காக, வெக்கமா இருக்கு" என்றதாம்.

வீடுகள் ஏன் திரும்பின என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை. தெரிந்த விஷயத்தை யார் கேட்பார்கள்?

ஏழுமடைக்கு அந்தக் காலத்திலிருந்தே ஒரு பெருமை உண்டு, ஊருக்கு வருகிற எவரும் பசித்து வெளியே போனதில்லை என்பது. அதற்கு முறைப்பலகை என்று ஒன்று வைத்திருந்தார்கள். உள்ளங்கை அகலத்தில் ஒரு பலாப்பலகை, ஒரு முழம் சங்கிலி, அவ்வளவுதான். இன்றைக்கு யார் வீட்டுக் கேட்டில் அது தொங்குகிறதோ அந்த வீட்டுக்குத்தான் இன்றைய விருந்தாளி, சோறு போட்டுப் படுக்க இடம் கொடுக்க வேண்டும், மறுநாள் விடிந்ததும் வாசல் தெளித்துவிட்டுப் பலகையைப் பக்கத்து வீட்டில் மாட்டிவிட வேண்டும். இப்படித் தெருவின் ஒரு சாரி போய் மறு சாரி திரும்பி வந்துகொண்டே இருக்கும். முறை வீட்டுக்காரர் இருக்க இன்னொருத்தர் கூப்பிட்டுச் சோறு போட்டால் அது அந்த வீட்டை அசிங்கப்படுத்துகிற காரியம், அதற்காக ஆயுசுக்கும் பேச்சுவார்த்தை இல்லாமல் போன குடும்பங்கள் உண்டு. ஆகையால் ஏழுமடைக்காரர்கள் சோறு போடுவதைவிட, அடுத்தவர் முறையில் சோறு போடாமல் இருப்பதில் கெட்டிக்காரர்கள் ஆகிப்போனார்கள்.

அந்த ஆடி புதன்கிழமை முறை வேலுத்தாயுடையது. மறுநாள் தலை ஆடிக்கு மருமகன் வருகிறார். முன்னறையில் கட்டிலுக்குப் புது மெத்தை வாங்கி, ரோஜாப்பூப் போட்ட விரிப்பு விரித்து, ஒரு சுருக்கம் விழாமல் இழுத்துச் செருகி, அறைக் கதவைச் சாத்தி வைத்திருந்தாள். சாயங்காலம் நாலு மணிக்கு மில் ஜன்னல் வழியாகப் பார்த்தாள், பஸ்ஸிலிருந்து ஒரு பொம்பளை இறங்கினாள், தோளில் நாலைந்து வயசுப் பிள்ளை, பிள்ளையின் காலெல்லாம் சிரங்கு, ஈ மொய்த்தது, காய்ச்சலில் தலை தொங்கிக்கொண்டிருந்தது. இறங்கியவள் டீக்கடையில் தண்ணீர் வாங்கிப் பிள்ளைக்குப் புகட்டினாள். அதற்குள் வேலுத்தாய் கேட்டுக்குப் போனாள், பலகையைக் கழற்றினாள், முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள், சங்கிலி சத்தம் போடாமல் பிடித்துக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுக் கேட்டில் மாட்டிவிட்டு வந்து மெஷினை ஓடவிட்டாள். எல்லாம் இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

பக்கத்து வீட்டுக்காரர் கோட்டைச்சாமி, ரேஷன் கடையில் எடை போட்டு ரிட்டயர் ஆனவர், குண்டுமணி பிசகமாட்டார். அந்தப் பொம்பளை வந்து கதவைத் தட்டியதும் வெளியே வந்து பலகையைப் பார்த்தார், "இன்னைக்கு என் முறை இல்லம்மா, அடுத்த வீட்டு முறை. அங்க போயி கேளு" என்றார். அவள் வேலுத்தாயிடம் வந்தாள். "பலகை எங்க தொங்குதோ அங்கதான் கேக்கணும்" என்றாள் வேலுத்தாய். முகத்தைப் பார்க்காமல், மாவைத் தட்டிக்கொண்டே சொன்னாள். அவள் அதற்கடுத்த வீட்டுக்குப் போனாள், அதற்கடுத்த வீட்டுக்குப் போனாள், ஒரு சாரி போய் மறு சாரி திரும்பி வந்தாள், மற்ற அத்தனை வீட்டிலும் பலகை தொங்குகிற வீட்டைக் கையைக் காட்டினார்கள், ரொம்ப மரியாதையாகத்தான் காட்டினார்கள். கடைசியில் அவள் பிள்ளையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு மெயின் ரோட்டைப் பார்த்து நடந்தாள். அவள் யார், எந்த ஊருக்குப் போக வந்தவள், அந்தப் பிள்ளை பிழைத்ததா, இன்றைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. வியாழக்கிழமை மருமகன் வந்தார், முதுகு வலி என்று சொல்லித் தரையில் பாயை விரித்துப் படுத்தார். வெள்ளிக்கிழமை வீடுகள் திரும்பின.

பலகை தொங்கிய வீடு கோட்டைச்சாமியின் வீடு. அவர்தான் விரட்டினார், அவரால்தான் ஊருக்கே இந்தக் கதி என்று ஊர் முடிவு செய்தது. "காலையில முறை என் வீட்டுல இல்ல" என்று அவர் கூட்டத்தில் இரண்டு தடவை சொன்னார். "விடியக்காலமே நான் மாட்டிட்டேனே" என்று வேலுத்தாய் ஒரு தடவை சொன்னாள். பலகைக்கு வாய் இல்லை, ஆனாலும் பலகையைத்தான் ஊர் நம்பியது. அதன் பிறகு அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் வீட்டுக்குப் பத்திரிகை வைக்க மாட்டார்கள், அவர் குடத்தை வைத்தால் குழாயடியில் விலகிக்கொள்வார்கள், மகள் இந்திரா கல்யாணத்துக்கு ஊரிலிருந்து ஒரு காக்கா குருவி போகவில்லை. முறைப்பலகையை யார் எடுத்து எங்கே போட்டார்களோ, அதைப் பற்றியும் பேச்சில்லை. ஒன்பது வருஷம் வேலுத்தாய் தினமும் காலையில், இன்றைக்குச் சொல்லிவிடுவோம் என்று நினைத்துக்கொண்டு எழுந்தாள், சாயங்காலம் நாளைக்குச் சொல்லிக்கலாம் என்று மில்லைச் சாத்தினாள்.

போன சித்திரையில் கோட்டைச்சாமி வீட்டைப் பூட்டிக்கொண்டு மகளிடம் போவது என்று முடிவாயிற்று. காலை பத்து மணிக்குத் தெருவில் குட்டியானை வண்டி வந்து நின்றது. பின்சந்துக்குள் வண்டி நுழையாது, ஆகவே கட்டிலையும் பீரோவையும் சந்து வழியாகச் சுற்றித் தெருவுக்குத் தூக்கிவர வேண்டும், அவரும் டிரைவரும் மூச்சு வாங்கத் தூக்கினார்கள். ஊரே சந்து வழியாகத் தெருவுக்கு வந்து வேடிக்கை பார்த்தது, ஒரு கை பிடிக்க ஆளில்லை. மில்லுக்குள் நின்ற வேலுத்தாய்க்குப் பீரோ சுவரில் உரசுகிற சத்தம் கேட்டது. இந்த வண்டி போய்விட்டால் அப்புறம் சொல்வதற்கு ஆளே கிடையாது, செத்தாலும் இது நெஞ்சில் கிடந்து வேகும் என்று அவளுக்குப் பட்டது. ஓடுகிற மெஷினை அப்படியே விட்டுவிட்டு, முழங்கை வரைக்கும் மாவோடு, தலையெல்லாம் மாவோடு, சந்தைச் சுற்றித் தெருவுக்கு ஓடினாள்.

"அண்ணாச்சி, போகாதீக" என்றாள்.

கோட்டைச்சாமி கயிறு கட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார்.

"அன்னைக்கு முறை என் வீட்டு முறை. சாயங்காலம் நாலு மணிக்கு நாந்தான் பலகையக் கொண்டாந்து உங்க கேட்டுல மாட்டுனேன். கூட்டத்துல பொய் சொன்னேன். மருமகன் வர்றாருன்னு புது மெத்தை போட்டிருந்தேன், அந்தப் பிள்ளைக்குச் சிரங்கு, மெத்தை கறையாயிரும்னு..." ஒன்பது வருஷத்தில் அவள் தனக்காகப் பெரிய பெரிய காரணங்களெல்லாம் சேர்த்து வைத்திருந்தாள், தொத்து வியாதி என்றும், தனியாக இருக்கிற பொம்பளை என்றும், மகள் முழுகாமல் இருந்தாளோ என்று சந்தேகப்பட்டதாகவும். அத்தனை பேர் முன்னால் ஒன்றும் வாயில் வரவில்லை, மெத்தைதான் வந்தது. தலையில் மாவோடு நடுத்தெருவில் நின்றாள். காறித் துப்புவார்கள், கல்லெடுப்பார்கள் என்று நினைத்தாள், அதற்கும் தயாராகத்தான் இருந்தாள்.

யாரும் துப்பவில்லை. எஸ்தர் டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டு, "தெரியும் வேலுத்தாயி" என்றாள்.

"என்ன தெரியும்?"

"மாடியில வத்தல் காயப்போட்டுக்கிட்டு இருந்தேன். முந்தானைக்குள்ள வச்சு நீ கொண்டுபோனதைப் பாத்தேன்."

"நானும் பாத்தேங்க்கா" என்றார் டீக்கடை மாடசாமி. "அந்தம்மா என் கடையிலதான் பிள்ளைக்குத் தண்ணி குடுத்துக்கிட்டு இருந்துச்சு. அது பாக்கல, நான் பாத்தேன்." சங்கிலிச் சத்தம் எனக்குக் கேட்டுச்சு என்றார் ஒருத்தர். சைக்கிளில் போகும்போது பார்த்தேன் என்றார் இன்னொருத்தர். எங்கம்மா பாத்துட்டு வந்து சொன்னாக, அவுக இப்ப இல்ல, என்றாள் ஒரு பெண். இப்படியே தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒவ்வொருத்தராகச் சொன்னார்கள், பார்க்காதவர்களுக்குப் பார்த்தவர்கள் அன்றைக்கே சொல்லியிருந்தார்கள்.

"பெறகு ஏன் யாரும் சொல்லல?" என்றாள் வேலுத்தாய்.

"எப்படிச் சொல்ல?" என்றாள் டீச்சர். "பலகை இடம் மாறுனது தெரிஞ்சேதான பலகையக் காட்டி அந்தப் பொம்பளைய அனுப்புனோம். அண்ணாச்சி தப்புன்னா அதோட போச்சு. உன் தப்புன்னா எங்க கையும் சேந்து வரும்."

ஐயோ, அந்த நிமிஷம் அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இத்தனை பேரும் ஒன்பது வருஷமாக அவளிடம்தான் மாவு அரைத்தார்கள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே அரைத்தார்கள். அவள் மறைக்கிறாள் என்று அவர்களுக்குத் தெரியும், அவளைக் காட்டிக்கொடுக்காமல் தங்களை அவளுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள். உடம்பில் துணியே இல்லாமல் ஒன்பது வருஷம் தெருவில் நடந்திருக்கிறோம் என்று இன்றைக்குத்தான் தெரிந்த மாதிரி அவள் கூசிப் போனாள்.

கோட்டைச்சாமி கயிற்றின் முடிச்சை இறுக்கினார். "எனக்குந்தான் தெரியும் தாயி" என்றார். "நீ மாட்டும்போது நான் ஜன்னல்கிட்ட உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். தட்டுல சோறு இருந்துச்சு. கதவைத் தட்டுன பொம்பளைகிட்ட எந்திரிச்சு வந்து முறை பேசுனேன். நான் பேசுனது நியாயந்தான். அந்த நியாயத்தப் பேசி முடிச்சிட்டு உள்ள வந்து மிச்சச் சோத்தையும் தின்னேன். இதுல உன்னைய என்னன்னு காட்டிக்குடுக்க?"

அவர் மனைவி சண்முகத்தாய்க்கு அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தவள் தலையை வெளியே நீட்டினாள். "எம் மக கல்யாணத்துக்கு நீ ரெண்டு படி மாவு அரைச்சு, காசு வேண்டாம் மைனின்னு குடுத்துவிட்டியே, ஞாபகமிருக்கா? எதுக்குக் குடுக்கன்னு அன்னைக்கே எனக்குத் தெரியும். அத்தனையையும் கோழிக்குப் போட்டேன். கோழிகூட பாதிய விட்டுருச்சு. போடி அங்கிட்டு."

"மைனி..." என்றாள் வேலுத்தாய்.

"மைனியாம் மைனி. வண்டிய எடுங்க தம்பி."

வண்டி போய்விட்டது. புழுதி அடங்கும்போது, அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, பட்டப்பகலில், கோட்டைச்சாமியின் வீடு திரும்பியது. தூங்குகிற பிள்ளை விழித்துவிடாமல் தாய் புரண்டு படுக்கிற மாதிரி மெதுவாகத் திரும்பியது. அன்றைக்குக் காலையில் சண்முகத்தாய் போட்ட கோலம் படியோடு சேர்ந்து தெருவுக்கு வந்தது, பச்சைப் பெயிண்ட் அடித்த கதவு வந்தது, கதவில் பூட்டுத் தொங்கியது. இரண்டு பக்கமும் இருந்த ஜனம் வாயைத் திறந்துகொண்டு தத்தம் சுவர்களைப் பார்த்தது, நம்ம வீடும் இதோ இதோ என்று காத்துக்கொண்டு நின்றது. மத்தியானம் வரைக்கும் நின்றார்கள், சாயங்காலம் வரைக்கும் நின்றார்கள், சுவரைக் கழுவிச் சந்தனம் பூசினார்கள். ஒரு செங்கல் அசையவில்லை. "நீதான் சொல்லிட்டியே, இன்னும் என்னவாம்?" என்று ஒருத்தி வேலுத்தாயிடமே வந்து கேட்டாள், மாவு கொடுக்கப் பிந்திவிட்ட மாதிரி. வேலுத்தாய் வீடும்தான் திரும்பவில்லை.

ஆறு நாள் கழித்து, உச்சி வெயிலில், ஒரு வெளியூர்க்காரர் பஸ்ஸை விட்டு இறங்கினார், நிலம் அளக்கிறவர், ஊர் மாறி இறங்கிவிட்டார், அடுத்த பஸ் நாலு மணிக்குத்தான். தெருவில் பதினோராவது அடியில் தயங்கினார், அப்புறம் ஒரே ஒரு வாசலைப் பார்த்துவிட்டார், நேரே போய்க் கதவைத் தட்டினார். பக்கத்து வீட்டில் வேலுத்தாய்க்குச் சோற்றில் கை இருந்தது. தட்டுகிற சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. மறுபடியும் தட்டினார். அறுபத்தோரு சுவருக்குப் பின்னால் கிரைண்டர்கள் ஒவ்வொன்றாக நின்றன, அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, யாராவது போவார்கள் என்று உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரிந்தது. அவளும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் தடவை தட்டியபோது கையை உதறிவிட்டு எழுந்து சந்தைச் சுற்றிப் போனாள்.

"அந்த வீட்டுல ஆள் இல்லைங்கய்யா. வாங்க, நம்ம வீட்டுல சாப்பிடலாம்."

"அப்பாடா, ஒரு ஆளாவது வந்தீங்களே" என்றார் அவர். "வாசல் இருக்கிற ஒரே வீட்டையும் பூட்டிட்டு எங்கம்மா போயிட்டாங்க?"

மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள் என்று சொல்லியிருக்கலாம், அதுவும் பொய் இல்லை. வேலுத்தாய் அவரை வெயிலில் நிறுத்தி வைத்துக்கொண்டு முழுக்கச் சொன்னாள், பலகை, முந்தானை, சிரங்கு, மெத்தை, ரோஜாப்பூ விரிப்பு வரைக்கும் சொன்னாள். இரண்டு பக்கச் சுவரும் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் குடையை மடித்தார், விரித்தார், மறுபடியும் மடித்தார். அவள் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை.

"நான் பஸ் ஸ்டாப்புலயே உக்காந்துக்கிறேம்மா" என்றார்.

தூக்குச்சட்டியில் சோறும் புளிக்குழம்பும் அவரைக்காய்ப் பொரியலும் போட்டுக்கொண்டு அவள் பின்னாலேயே போனாள். பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். நாலு மணி வரைக்கும் அவர் அதைத் தொடவில்லை, அவளும் ஒரு வார்த்தை வற்புறுத்தவில்லை. பஸ் வந்தது, ஏறிப் போனார், சட்டியின் அடிப்பாகம் இன்னும் லேசாகச் சூடாக இருந்தது.

அடுத்த வாரம் அந்தக் கதவைத் தட்டிய ஒருத்தி கதையைக் கேட்டுவிட்டு வந்து சாப்பிட்டாள், இரண்டாம் தடவை குழம்பும் கேட்டாள். அதற்கடுத்து வந்த இரண்டு பேர் சாப்பிடாமல் போனார்கள், ஒருத்தன் வைதுவிட்டுப் போனான். வேலுத்தாய் எல்லோரிடமும் ஒரே கதையைத்தான் சொன்னாள், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல், இலையைப் போடுவதற்கு முன்னால் சொன்னாள்.